அச்சகத்தில் காலை ஜெபம், ஆயுத பூசை, ஒரு ஞானஸ்நானம்: கிறிஸ்தவ முதலாளி ஒருவரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நான் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவன், மனைவி கத்தோலிக்கர். எங்களிடம் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலானோர் சைவர்கள், முஸ்லிம் சகோதரர் ஒருவரும் சிங்கள பௌத்தர்கள் இருவரும் இருக்கிறார்கள். என் தகப்பனார் காலத்திலிருந்தே காலை எட்டு மணிக்கு எல்லோரும் கூடிப் பத்து நிமிடம் ஜெபம் செய்த பின்னர்தான் வேலையைத் தொடங்குவோம். எவரையும் கட்டாயப்படுத்தியதில்லை. இப்போது புதிதாகச் சேர்ந்த பெண் பிள்ளை ஒருவர், தனக்கு ஜெபத்தில் நிற்க விருப்பமில்லை என்று இன்னொருவர் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். நவராத்திரியில் இயந்திரங்களுக்கு ஆயுத பூசை செய்ய ஊழியர்கள் அனுமதி கேட்கிறார்கள். எங்கள் ஜெபக்குழுவினரோ அது விக்கிரக ஆராதனைக்கு இடங்கொடுப்பதாகும் என்கிறார்கள். இவற்றுக்கு மேலாக, எங்களிடம் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஞானஸ்நானம் பெற விரும்புகிறான். சம்பளத்தைக் காட்டி மகனை மதம் மாற்றிவிட்டேன் என்று அவனுடைய தாய் தகப்பன் அழுகிறார்கள். ஒரு கிறிஸ்தவனாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதற் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும் என்பதால் காலை ஜெபத்திலிருந்தே தொடங்குகிறேன். எவரையும் கட்டாயப்படுத்தியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நம்புகிறேன். ஆயினும் கட்டாயம் இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லக்கூடியவர் ஜெபத்தில் நிற்கும் ஊழியரே தவிர, அதை நடத்தும் முதலாளி அல்லர். மேலதிக நேர வேலையை யாருக்குக் கொடுப்பது, தீபாவளிக்கு முற்பணம் எவ்வளவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்கும் அரைநாள் லீவைக் கொடுப்பதா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் மனிதரே வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நிற்கும்போது, அந்த அறையை விட்டு வெளியே போவதற்குச் சாதாரணத் துணிவு போதாது. அந்தப் பெண் பிள்ளை உங்களிடம் நேரே வராமல் இன்னொருவரைத் தூதனுப்பியதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு ஏதோ ஒரு விலை கொடுக்க நேரிடும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் வீணானது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்கள் சபையும் உங்கள் மனைவியின் சபையும் ஒரே விதமாகவே பேசுகின்றன. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் திகதி வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய பிரகடனம், விசுவாசத்தைப் பரப்புகிறவர்கள் வற்புறுத்தலின் சாயலோ நேர்மையற்ற தூண்டுதலின் சாயலோ உள்ள எந்தச் செயலையும் தவிர்க்க வேண்டும் என்றும், வறியவர்களிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் இதில் விசேட கவனம் வேண்டும் என்றும் கூறுகிறது. மெதடிஸ்த திருச்சபை அங்கம் வகிக்கும் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையுடனும் உலக நற்செய்திக் கூட்டணியுடனும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதற்குக் கிறிஸ்தவப் பணியில் இடமில்லை என்கிறது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், நற்செய்திச் சபையினர் ஆகிய மூன்று தரப்பினரும் ஒன்றாகக் கையொப்பமிடுவது அரிது. அதனால் இதைச் சில தாராளவாதிகளின் கருத்து என்று உங்கள் ஜெபக்குழு ஒதுக்கிவிட முடியாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே உறுப்புரை, 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) பிரிவும் ஏனைய சமயத்தவர்களுக்கு வழங்கும் உரிமைகளையும் உறுதிசெய்கிறது. தான் விரும்பும் சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் எவருக்கும் உள்ள சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில் அடங்கும். ஆனால் அடிப்படை உரிமை வழக்குகள் நிறைவேற்றுத்துறை, நிர்வாகத்துறைச் செயல்களுக்கு எதிரானவை என்பதால், தனியார் அச்சகமொன்றில் நடக்கும் காலை ஜெபத்துக்காக உங்களை எவரும் உயர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை. சட்டம் எட்டாத இடம் இது. அதனாலேயே உங்கள் மனச்சாட்சி கூடுதலாக விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

பிழைப்பையும் விசுவாசத்தையும் ஒன்றாகக் கட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. உங்கள் பகுதியிலேயே, மேட்டின் மேல் நிற்கும் வுல்பெந்தால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் பிரதிட்டை செய்தார்கள். அவர்களுடைய ஆட்சியில் உத்தியோகம் பெறவும் திருமணத்தைப் பதியவும் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது; கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது; குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றமாயிற்று. பதிவேடுகளில் கிறிஸ்தவர்களின் தொகை பெரிதாக இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் தளர்ந்ததும், பெயரளவில் சேர்ந்திருந்தவர்கள் பெருந்தொகையாகத் தங்கள் பழைய சமயங்களுக்குத் திரும்பினார்கள். அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து மறைவாகப் பணியாற்றிய கோவாக் குருவான யோசேப் வாஸ் அடிகளாருக்குப் பாதுகாப்பளித்தவர் கண்டியின் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். முதலில் உளவாளி என்று சந்தேகித்துச் சிறையிட்டவரே பின்னர் அவரை ஆதரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த அந்தக் குரு, கிறிஸ்தவ அரசொன்றின் கையிலிருந்து தப்பி, பௌத்த அரசன் ஒருவனின் நிழலில் ஊழியம் செய்தவர். இலங்கைக் கிறிஸ்தவர்களாகிய நாம் பிற சமயத்தவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடனை மறந்து பேசக் கூடாது.

ஆகவே ஜெபத்தை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. அதை வேலை நேரத்திலிருந்து பிரித்து விடுங்கள். எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறது என்றால் ஏழே முக்காலுக்கு, இயந்திர அறையில் அல்லாமல் உங்கள் காரியாலய அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஒரேயொரு முறை எல்லோருக்கும் சொல்லுங்கள். அதன் பின் யார் வந்தார், யார் வரவில்லை என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள். முதல் நாட்களில் நீங்களும் மனைவியும் மட்டுமே இருக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் மனமுடைந்து போக வேண்டாம். இத்தனை காலமும் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள் என்பதை அப்போதுதான் அறிந்துகொள்வீர்கள். அந்தப் பெண் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டாம். மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாலே அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

இதனால் உங்கள் சாட்சி மங்கிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். போதனை கடினமாக இருக்கிறது என்று சீடர்களில் பலர் விலகிப் போனபோது, ஆண்டவர் ஒருவரையும் மறிக்கவில்லை. எஞ்சியிருந்த பன்னிருவரிடமும், நீங்களும் போய்விட விரும்புகிறீர்களா என்றே கேட்டார். போவதற்கு வழி திறந்திருந்ததால்தான் பேதுரு தங்கியதற்குப் பொருள் உண்டு. இயேசுவே வழி என்ற உங்கள் அறிக்கையை எவரும் கைவிடச் சொல்லவில்லை. 1965 அக்டோபர் 28ஆம் திகதி வெளிவந்த, பிற சமயங்களுடனான உறவு பற்றிய வத்திக்கான் சங்க அறிக்கை, அச்சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் சொல்லிப் பேசும் அதே பகுதியில், கிறிஸ்துவே வழியும் சத்தியமும் ஜீவனும் என்று அறிவிக்கும் கடமையையும் வைத்திருக்கிறது.

இனி ஆயுத பூசை. உங்கள் ஜெபக்குழுவினரின் தயக்கத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டவருடைய பாத்திரத்திலும் வேறொரு பாத்திரத்திலும் ஒன்றாகப் பங்குபெற முடியாது என்று பவுல் 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் மிகக் கடுமையாகவே எழுதுகிறார். ஆனால் அவர் அங்கே பேசுவது கிறிஸ்தவன் தானே பலிபீடத்தில் பங்குபெறுவதைப் பற்றி. பிற சமயத்தவர் தங்கள் வழிபாட்டைச் செய்ய இடம் விடுவது அதற்குள் அடங்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நம் சபைகளில் இத்தனை குழப்பம். பவுல் மூன்று ஆண்டுகள் அளவில் ஊழியம் செய்த எபேசு நகரம் ஆர்த்தெமி தேவியின் கோயிலால் புகழ்பெற்றது. தங்கள் பிழைப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சிய வெள்ளித் தட்டார்கள் கலகம் செய்தபோது, கூட்டத்தை அடக்கிய நகரச் செயலாளர் சொன்ன காரணம் அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது: இவர்கள் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், நம் தேவியை நிந்தித்தவர்களும் அல்லர். பவுலின் போதனையை அந்த நகரமே அறிந்திருந்தது. அப்படியிருந்தும் அவருடைய தோழர்கள் வாயிலிருந்து தேவியைப் பற்றி ஓர் இழிசொல் வந்ததாகச் சொல்ல முடியவில்லை. நம்மில் எத்தனை பேரைப் பற்றி நம் சைவ அயலவர் இப்படிச் சாட்சி சொல்வார்கள் என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தது சிலுவைக் கொடியோடு வந்த போர்த்துக்கேயப் படை என்பதைத் தமிழ்ச் சைவர்கள் மறந்துவிடவில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். பூசைக்கு நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளத்தையும் கொடுங்கள். ஓப்செட் இயந்திரத்தையும் கடதாசி வெட்டும் இயந்திரத்தையும் முதல் நாளே துடைத்து, மை துடைத்த சீலைகளை அப்புறப்படுத்தி, சந்தனமும் குங்குமமும் வைக்க இடம் விடட்டும். கடதாசிக் கட்டுகளுக்கும் தின்னருக்கும் அருகில் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்ற ஒரேயொரு நிபந்தனையை நீங்கள் விதிக்கலாம். அது எந்தச் சமயத்தவருக்கும் பொதுவானது. நீங்கள் தீபம் காட்டவோ திருநீறு பூசிக்கொள்ளவோ வேண்டியதில்லை. ஊழியர்கள் அழைத்தால், அது என் வழிபாடு அல்ல, ஆனால் உங்களோடு இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதைவிட வராமலிருப்பது நல்லது. அவலையும் கடலையையும் உங்கள் மேசைக்கும் கொண்டுவருவார்கள். அழைத்தவர் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்க்க வேண்டும் என்றும் பவுல் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். அதன்படி, உங்களுக்கு மனத்தடை இல்லாமல், உங்களைப் பார்த்து இடறக்கூடிய கிறிஸ்தவரும் அங்கே இல்லாவிட்டால் நன்றி சொல்லிச் சாப்பிடலாம். தடை இருந்தால் நன்றி சொல்லி ஒதுக்கி வைக்கலாம். இதில் கிறிஸ்தவர்கள் ஒரே மனத்தினராக இல்லை. மனைவி சாப்பிட்டு நீங்கள் சாப்பிடாவிட்டாலும் அதை வீட்டில் வாக்குவாதமாக்க வேண்டாம். உரோமர் பதினான்காம் அதிகாரம் சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரையொருவர் தீர்ப்பிடுவதைத்தான் கண்டிக்கிறது. கோயில் திருவிழா நோட்டீசும் பள்ளிவாசல் நாட்காட்டியும் அடித்து வரும் வருமானத்தை ஏற்றுக்கொள்ளும் அச்சகம், அந்த நோட்டீசை அடித்த கைகளுக்கு ஆண்டில் ஒரு நாள் பூசையை மறுப்பதை நியாயப்படுத்த முடியாது.

முஸ்லிம் சகோதரருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை அவர் கேட்காமலேயே ஒழுங்கு செய்து கொடுங்கள். பௌத்த ஊழியர்கள் வெசாக் கூடு கட்டக் கடதாசித் துண்டுகள் கேட்டால் மனதாரக் கொடுங்கள்.

பையனின் காரியத்தில் இரண்டு பக்கமும் தவறிழைக்க இடமுண்டு. பத்தொன்பது வயது என்பதால் சட்டப்படி அவன் வளர்ந்த ஆள். தன் சமயத்தைத் தெரிந்துகொள்வது அவனுடைய உரிமை. பெற்றோர் அழுகிறார்கள் என்பதற்காக மட்டும் நீங்கள் அவனைத் தடுத்தால், அதுவும் அவனுடைய மனச்சாட்சியில் தலையிடுவதேயாகும். மறுபுறம், பெற்றோரின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து வந்ததன்று. பலவந்தம், மோசடி, ஆசைகாட்டல் மூலம் மதம் மாற்றுவதைத் தடைசெய்ய 2004இல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் நிறைவேறாவிட்டாலும், அதன் பின்னால் இருந்த கோபம் எல்லாச் சமூகங்களிலும் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய மகன் உங்களிடம் சம்பளம் வாங்குகிறான். நீங்கள் நடத்தும் ஜெபத்தில் தினமும் நின்றிருக்கிறான். தங்கள் இடத்திலிருந்து பார்க்கும் எந்தப் பெற்றோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எனவே இந்தக் காரியத்திலிருந்து முதலாளி விலக வேண்டும். அவனுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பதை நீங்கள் செய்ய வேண்டாம். உங்கள் சபையில் அல்லாமல் வேறொரு சபையில், உங்களுக்குக் கடமைப்படாத ஒரு போதகரிடம் அவன் ஆயத்தம் பெறட்டும். 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மதம் மாறுதல் பாரிய முடிவு என்பதால் போதிய காலமும் சிந்தனையும் முழுச் சுதந்திரமும் வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஓராண்டு காத்திருப்பது அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் வழமையான சம்பள உயர்வை அவனுக்கும் கொடுங்கள். அதற்கு மேல் எதையும் கொடுக்காதீர்கள், அதிலிருந்து எதையும் குறைக்காதீர்கள். இடையில் மனம் மாறி, வேண்டாம் என்று அவன் சொன்னாலும் வேலையில் ஒரு குறையும் வராது என்பதை அவனிடம் மட்டுமன்றி அவனுடைய தாய் தகப்பனிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெபக்குழுவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் கோபத்தில் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு கிறிஸ்துவைப் பற்றிப் பிரசங்கிக்கத் தொடங்க வேண்டாம்.

பையனுக்கும் ஓர் ஆலோசனை தேவைப்படும். ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே அம்மாவின் சாமி அறையை அவமதிப்பதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில், குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவர் நாகமான், எஜமானாகிய அரசன் தன் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் பணியும்போது தானும் பணிய நேரிடும், அதை மன்னிக்க வேண்டும் என்று எலிசாவிடம் கேட்கிறார். தீர்க்கதரிசி அவரைக் கண்டிக்கவில்லை. சமாதானத்தோடு போ என்று அனுப்பிவைத்தார். வீட்டில் விசேஷ நாட்களில் அவன் பூசையில் பங்குபெற வேண்டியதில்லை. ஆனால் வாழைக்குலை வாங்கிவரவும், கோலமிடத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், அம்மா தரும் பொங்கலை முகம் கோணாமல் வாங்கவும் அவனுக்குத் தடையில்லை.

ஞானஸ்நானம் நடக்கும் நாள் வந்தால், அன்று நீங்கள் சாதாரண சபையாராகப் பின் வரிசையில் இருங்கள். ஞானத் தகப்பனாக நிற்கும்படி கேட்டாலும் மறுத்துவிடுங்கள். படங்களை அச்சகத்தில் தொங்கவிடவோ முகநூலில் போடவோ வேண்டாம். தாய் தகப்பனை அழைப்பதா என்பதைப் பையனே தீர்மானிக்கட்டும். அழைத்து அவர்கள் வந்தால், ஆராதனை முடிந்ததும் முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.