முகத்தைத் தொட்டால் பெயர் தெரிய வேண்டும்

கேள்வி: 1968-இல் மாதுங்காவில் நடந்த என் பெற்றோரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ எங்களிடம் இருக்கிறது. நாற்பது பேருக்கு மேல் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். அதை இணையத்தில் ஏற்றி, ஒவ்வொரு முகத்தையும் தொட்டால் பெயரும் உறவும் தோன்றும்படி செய்ய இயலுமா? அப்பாவுக்கு இப்போது வயது 84.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: இயலும். ஆனால் வேலையைக் கணினியில் தொடங்காதீர்கள், அப்பாவிடம் தொடங்குங்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கு மேலும் பென்சிலால் எண் இட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அருகில் உட்கார்ந்து எண்வாரியாகப் பெயர், உறவு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது. தொழில்நுட்பம் அடுத்த மாதமும் கிடைக்கும். மூன்றாவது வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிகிற அந்தச் சிறுமி யார் என்பதை அவரைத் தவிர வேறு எவரும் சொல்ல முடியாமல் போகலாம்.

அதன்பின், திங்லிங்க் போன்ற தளத்தில் படத்தை ஏற்றி, முகத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து, அதற்குள் பெயர், சிறு குறிப்பு, வேறொரு படம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பார்ப்பவர் புள்ளியைத் தொட்டதும் அவை விரியும். ஃபேஸ்புக்கிலும் முகத்தைச் சுட்டிப் பெயர் இடலாம். கணக்கு இல்லாதவரின் பெயரையும் தட்டச்சு செய்யலாம். உங்களுக்கென்று சொந்த இணையப்பக்கம் இருந்தால், படத்தின் பகுதிகளைத் தொடும் இடங்களாக்கும் பழைய வழி ஒன்றும் ஹெச்டிஎம்எல்-இல் (இணையப்பக்கங்களை எழுதும் குறிமொழி) உண்டு. ஆனால் அதில் இடங்கள் பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) அளவில் குறிக்கப்படுவதால், கைப்பேசித் திரையில் படம் சுருங்கும்போது பெரியப்பாவின் பெயர் சித்தியின் முகத்தில் போய் நிற்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவும் அவருடைய சகோதரிகளும் நிற்கும் படத்தில் பல மாலைகள் செலவழித்துக் குறிப்புகள் சேர்த்திருந்தேன். அந்தத் தளம் மூடப்பட்டபோது படம் மட்டும் கைக்கு வந்தது, குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. அவை தளத்தின் சேமிப்பில் இருந்தனவே தவிர, படக்கோப்புக்குள் இல்லை. ஆகவே பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதும் மென்பொருள் ஒன்றையும் பயன்படுத்துங்கள். டிஜிகேம் இலவசமானது, முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் கொடுத்தால், கட்டத்தின் இடத்தையும் பெயரையும் மெட்டாடேட்டாவாக, அதாவது படத்தைப் பற்றிய குறிப்புகளாக, கோப்பிலேயே சேமிக்க அதன் அமைப்புகளில் வழி இருக்கிறது. தமிழில் எழுதுவதானால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவும் குறையும், உள்ளே எழுதிய பெயர்களும் நீங்கிவிடும்.

கேள்வி: எங்கள் குடும்பப் படத்தில் உள்ள அத்தை, தன் பெயர் இணையத்தில் வேண்டாம் என்கிறார். மற்றவர்கள் அவரைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள். முகத்தோடு முழுப்பெயர், ஊர், உறவு எல்லாம் ஒரே இடத்தில் பொதுவெளியில் கிடைப்பது மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிடும் என்பதால் அவருடைய தயக்கம் நியாயமானது. உயிரோடு இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டே பெயர் இடுங்கள். எல்லாப் பெயர்களும் உள்ள கோப்பை வீட்டில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்றவர்களின் பெயர்கள் நீக்கிய வேறொரு பிரதியை இணையத்தில் ஏற்றுங்கள். அத்தையின் முகத்தையும் அதில் காட்டலாமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.