மேல் பாதியா, கீழ் பாதியா?

கேள்வி: மகன் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் வேலை பார்க்கிறான். செப்டம்பரில் நானும் கணவரும் மூன்று வாரம் அங்கே போகிறோம். நான் சைவம், கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை. அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பகலில் மகன் ஆபீஸ் போய்விடுவான். வெளியே என்ன சாப்பிடலாம், இங்கிருந்து என்ன எடுத்துப்போகலாம்?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அந்த ஊரில் என் மகள் வீட்டில் ஏழு வாரம் இருந்துவிட்டு வந்தவள் நான். உங்களைப் போலத்தான், கேக்கோடு சரி. போன மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டேன். மழை, குளிர், கண்ணில் பட்ட ஒரு கடை. வெங்காய சூப் என்று போட்டிருந்தது. வெங்காயம்தானே என்று இரண்டு கரண்டி குடித்தபிறகு ஏதோ சந்தேகம். பரிமாறிய பையனைக் கேட்டால், மாட்டெலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்கிறான். அது பிரெஞ்சுக்காரர்கள் சூப். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியவில்லை என்றால் என்ன சொல்ல!

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், எதில் வேகவைத்தது, எதில் பொரித்தது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 'பப்' என்கிற மதுக்கடைகளில் போடும் ரோஸ்ட் சாப்பாட்டில் (சுட்ட இறைச்சியும் காய்கறியும்) உருளைக்கிழங்கை வாத்துக்கொழுப்பில் வறுப்பதுண்டு. மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சைவத்துக்குப் பருப்பு, கொட்டைகள் சேர்த்து ஒரு ரோஸ்ட் செய்வார்கள். தனி கிரேவி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வொர்ஸ்டர் சாஸில் நெத்திலி இருக்கும். ஜெல்லியில் ஜெலட்டின். பார்மேசான் சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி. மெனுவில் வெஜிடேரியன் என்பதற்கு 'வி' என்று எழுத்துப் போட்டிருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. காட், ஹேடாக் என்று முள்ளெடுத்த மீனை மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். முதுநகர்த் துறைமுகத்தில் வஞ்சிரம் வாங்கிப் பழகியவருக்கு அது சப்பென்றிருக்கும். ஒரு ஊறுகாய்ப் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும். சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள், சிப்ஸ் என்று அவர்கள் சொல்லும் நீள உருளைக்கிழங்கு வறுவலும் அதே சட்டியில்தான். அவர் தட்டிலிருந்து நீங்கள் ஒன்று எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

இனி பன் விஷயம். அபே தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் சாலி லன் கடை இருக்கிறது, ஊரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. 1680 வாக்கில் பிரான்ஸிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண் செய்ததாம் இந்த பன். கதைக்குச் சாட்சி ஒன்றும் கிடையாது. ஆனால் பிய்த்து வாயில் போட்டதும் எனக்கு எங்கள் ஊர் ரொட்டிக்கடை பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரெஞ்சு பன்) ஞாபகம்தான் வந்தது, அதனால் நம்பிவிட்டேன். ஒரு ஆள் தலை அளவு பெரிசு. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் முழுசாகத் தரமாட்டார்கள், கீழ் பாதியில் காரச் சமாசாரம் வைத்துத் தருவார்கள், மேல் பாதியில் இனிப்பு. நீங்கள் மேல் பாதி கேளுங்கள், லவங்கப்பட்டை வெண்ணெய் தடவியது. நிலவறையில் பழைய சமையலறையைப் பார்க்கலாம். 'பாத் பன்' என்பது வேறு. மேலே சர்க்கரைத் துண்டு ஒட்டி, சின்னதாக, அதிக இனிப்பாக இருக்கும். எனக்கு அது ஒன்றுக்கு மேல் முடியவில்லை.

ரோமானியக் குளியல் கட்டடத்தை ஒட்டிய பம்ப் ரூமில் பூமியிலிருந்து வரும் வெந்நீரைக் குடிக்கத் தருவார்கள். 43 தாதுக்களாம். பழைய இரும்பு வாளியில் ராத்திரியெல்லாம் கிடந்த தண்ணீர் மாதிரி ஒரு ருசி. ஒரு மடக்கு போதும். அங்கிருந்து மேடேறிப் போனால் சர்க்கஸ் என்ற வட்டத் தெரு. 1756-ல் உங்கள் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு கவர்னராக வந்தாரே ராபர்ட் கிளைவ், அவர் கடைசிக் காலத்தில் தங்கியிருந்த தெரு அது. கடலூர்க்காரர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

எடுத்துப்போக: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், அப்பளம். நெய், பால்கோவா, நெய்யில் செய்த மைசூர்பாகு வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோக அங்கே அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். காய்கறிக்கு சனிக்கிழமை காலை கிரீன் பார்க் பழைய ரயில் நிலையத்துச் சந்தைக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடும் கடைகள் நிறைய. மூன்று மணிக்குப் போய் நின்று, வெறும் கேக்கும் டீயுமாகத் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு.

கேள்வி: அங்கே தண்ணீருக்கும் காசாமே? டிப்ஸ் எவ்வளவு வைப்பது?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வெறுமனே 'வாட்டர்' என்றால் பாட்டில் வரும், காசும் வரும். 'டேப் வாட்டர்' என்று சொல்லுங்கள். மது விற்க உரிமம் உள்ள கடைகள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். டிப்ஸ் பல இடங்களில் பில்லிலேயே சேர்ந்து வரும், பெரும்பாலும் 12.5 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுக்க வேலைசெய்பவர்களுக்கே போய்ச்சேர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லலாம், எடுத்துவிடுவார்கள். நான் சொன்னதில்லை. அந்த வெங்காய சூப் அன்று நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்ன பையன் முகத்தைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டேன்.