ஸ்கைரிம்ல கூட வர்ற எல்லாரையும் ஏன் கல்யாணம் பண்ண முடியல?

2011ல வந்த ஸ்கைரிம் கேம்ல ஃபாலோவர்னா உங்க கூடவே வந்து சண்டை போட்டு மூட்டை சுமக்கிற ஆள், துணைன்னா நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல இருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை சமைச்சுக் குடுத்து, கடை வச்சு நாளுக்கு 100 கோல்ட் தர்ற ஆள். ரெண்டும் தனித்தனி வசதி.

கேம் உள்ள யார் யாரைக் கட்டலாம்னு தனியா ஒரு லிஸ்ட் இருக்கு, ஏன்னா காதல் சொல்றதுல இருந்து கோயில் சடங்கு வரைக்கும் வசனத்தை முன்னாடியே பேசி ரெக்கார்ட் பண்ணணும், அதை எல்லா குரலுக்கும் பண்ணல. ரேஷன் கார்டு மாதிரிதான், கடைக்காரர் எவ்ளோ பழக்கமா இருந்தாலும் கார்டுல பேர் இல்லன்னா அரிசி கிடையாது. கேம்ல வர்ற லிடியாங்கிற வீராங்கனைக்கு ஃபாலோவர் லிஸ்ட், கல்யாண லிஸ்ட் ரெண்டுலயும் பேர் இருக்கு. இசோல்டாங்கிற இன்னொரு பொண்ணுக்கு ஒரு மாமத் தந்தம் கொண்டுபோய் குடுத்தா கட்டிக்கலாம், ஆனா சண்டைக்கு வரமாட்டா.

செய்ய வேண்டியது, கேம்ல இருக்கிற ரிஃப்டன் ஊர்ல மாரமால்ங்கிற பூசாரிகிட்ட பேசி 200 கோல்ட் குடுத்து, கல்யாணத்துக்கு தயார்னு காட்டுற மாரா தாயத்து வாங்கி கழுத்துல போட்டுட்டு பிடிச்சவங்ககிட்ட போய் பேசுங்க, ஆணா பெண்ணாங்கிற தடையே கிடையாது, எனக்கு இந்த கேம்ல ரொம்ப பிடிச்சதே அதுதான். அப்புறம் துணை இருக்கிற வீட்டுல தூங்கி எழுந்தா 8 மணி நேரத்துக்கு ஸ்கில் 15% வேகமா ஏறும்.

நிறைய பேர் ஃபாலோவரா வர்ற செரானாங்கிற வாம்பயர் பொண்ணு கூட ரொம்ப நாள் சுத்துனா ஒருநாள் கல்யாணத்துக்கு சம்மதிப்பான்னு நம்புறாங்க, மோட் (கேமை மாத்த ரசிகர்கள் செஞ்ச ஃபைல்) போடாம அது நடக்கவே நடக்காது.