ஹேண்டில்பாரை உயர்த்தினால் 5,000 ரூபாயா?

கேள்வி: முதுகுவலி காரணமாக, என் பைக்குக்கு நான்கு அங்குலம் உயரமான ஹேண்டில்பாரை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். சென்ற வாரம் வாகனச் சோதனையில், வண்டியை மாற்றி அமைத்தது குற்றம் என்று சலான் போட்டுவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஹேண்டில்பாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, எப்படிக் குற்றமாகும் என்கிறான் நண்பன். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி? – வாசகர், கோவை

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் என்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எடை, இருக்கைகளின் எண்ணிக்கை எல்லாம் உண்டு. ஹேண்டில்பாரின் உயரம் கிடையாது. அந்த அளவில் உங்கள் நண்பர் சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஆனால் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் கொடுத்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பு மாறும்படி எந்த வண்டியையும் மாற்ற முடியாது என்றது. சோதனையில் நிற்கும் காவலர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அதே தீர்ப்பு, ஆர்.சி.யில் பதிவதற்காகத் தயாரிப்பாளர் தந்த விவரங்களை மாற்றக் கூடாது என்றும் பேசுகிறது. ஹேண்டில்பார் ஆர்.சி.யில் இல்லை என்பதால், உங்கள் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அது. வாதம் இருக்கிறது, வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன்.

தண்டனை அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவின் கீழ் வருகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். சைலன்சரையும் மாற்றியிருந்தால் அது தனிக் கணக்கு. அபராதத்தைக் கட்டிவிட்டால் இந்தச் சலான் முடிந்துவிடும். ஆனால் அதே ஹேண்டில்பாரோடு அடுத்த தெருவில் போலீஸிடம் சிக்கினால் புதிய சலான் வரலாம். எதிர்ப்பதானால் அபராதத்தைக் கட்டி முடித்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மெக்கானிக் பயமுறுத்துவது சற்று அதிகம். உங்கள் வண்டியால் மூன்றாம் நபருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு 150-ஆவது பிரிவு சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. வண்டியை மாற்றி அமைத்தது என்பது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. முக்கியமான தகவலை மறைத்துப் பாலிசி வாங்கியது உண்டு. ஆகவே, புதுப்பிக்கும்போது படிவத்தில் மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியின் சேதத்துக்கான கிளைம் வேறு கதை, அது பாலிசி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஹேண்டில்பாரைப் பார்த்ததுமே பேச்சு மாறும்.

என் கவலை சலானைப் பற்றியது அல்ல, முன் பிரேக்கைப் பற்றியது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை முழுவதுமாக இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே என்ஜின் சத்தம் ஏறுகிறதா? கேபிள் இழுபடுகிறது என்று பொருள். பிரேக் ஹோஸ் கம்பிபோல் விறைத்து நிற்கிறதா? வண்டியை எடுக்காதீர்கள். பழைய நீளக் கேபிள்களை வைத்தே நான்கு அங்குலம் உயர்த்துவதில் நிகழும் கோளாறு இதுதான். விபத்து வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருவார். நீங்களே மாட்டிய பாகத்தால் பிரேக் பிடிக்கவில்லை என்று அதில் வந்துவிட்டால், உங்கள் அஜாக்கிரதையை நிரூபிக்க அரசுத் தரப்பு சிரமப்பட வேண்டியதில்லை.

முதுகுவலிக்கு வருவோம். உடல் குறைபாடு உள்ளவர் தன் வண்டியைத் தகவமைத்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சாதாரண வலி அதில் சேராது. உங்கள் மாடலுக்கென்றே தயாரிப்பு நிறுவனம் விற்கும் ஹேண்டில்பார் கிடைக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். கிடைத்தால், அதற்கேற்ற கேபிள்களுடன் அங்கேயே மாட்டச் சொல்லி ரசீது வாங்குங்கள். காவலரிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் காட்ட அந்த ரசீது உதவும். அதுவரை பழைய ஹேண்டில்பாரே வண்டியில் இருக்கட்டும்.