முதல் 1/16 டாங்கி, எதை எடுப்பது? கேள்வி பதில்

ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் டாங்கிகளில், நிஜத்தில் 35-ல் ஒரு பங்கான 1/35 அளவில் இரண்டு மூன்றை முடித்துவிட்டு, 16-ல் ஒரு பங்கான 1/16 பக்கம் வரத் துடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், டமியா 1/35 டைகர் முடித்தாச்சு. அடுத்து நேராக 1/16 கிங் டைகர் எடுக்கலாமா?

முதல் கிட்டாக (உதிரிகள் அடங்கிய பெட்டி) வேண்டாம். 35-ஐ 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.2 வரும். நீளம்தான் இரண்டு மடங்கு சொச்சம். பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நிஜக் கிங் டைகர் பீரங்கிக் குழலோடு 10.28 மீட்டர், 1/16-ல் அது 64 செ.மீ. அகலம் 23 செ.மீ.க்கு மேல். வீட்டு அலமாரித் தட்டுகள் பெரும்பாலும் 30 செ.மீ. ஆழம்தான். கண்ணாடிப் பெட்டியோடு எங்கே வைப்பீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

இதற்கு மேல், காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர் பூசிய சிம்மெரிட் பூச்சு வேறு. 1944 செப்டம்பருக்கு முந்தைய வண்டி என்றால் அந்த வரிவரியான பூச்சு இருந்தாக வேண்டும். கிட்டில் அச்சாகி வராவிட்டால் எபாக்சி புட்டியைப் பரப்பி நீங்களே கீறி எடுக்க வேண்டும். இந்த அளவில் அது தனி வேலை, நாள் கணக்கில் போகும்.

பெரிய ஸ்கேலுக்குச் சின்ன டாங்கி என்பதே என் கணக்கு. ரெனோ எஃப்டியை டாகம் 1/16-ல் போட்டிருக்கிறது. பின்னால் நீட்டியிருக்கும் வாலோடு சேர்த்து 31 செ.மீ. பான்சர் 38(டி)யைக் கிளாசி ஹாபி போட்டிருக்கிறது, 29 செ.மீ. உங்கள் 1/35 டைகரே குழலோடு 24 செ.மீ. இருக்கும். இட நெருக்கடி இல்லாமல் 1/16-ன் விவரம் முழுக்கக் கிடைக்கும்.

இரண்டில் நான் 38(டி)க்கே ஓட்டுப் போடுவேன். பக்கத்துக்கு நாலே பெரிய சக்கரம், இலை ஸ்பிரிங், தட்டையான தகடுகள். ஒரே எச்சரிக்கை: உடம்பெல்லாம் ரிவெட். இணைப்புக் கோட்டைத் தேய்க்கும்போது பக்கத்து ரிவெட் தலைகளும் சேர்ந்து போய்விடும். கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி, உப்புத்தாளை ஐஸ் குச்சியில் ஒட்டித் தேயுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது.

டி-34, ஷெர்மன் இரண்டில் எது சுலபம்?

ட்ராக்கின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையின், தட்டுகளை எண்ணினால் பதில் கிடைத்துவிடும். டி-34-க்குப் பக்கத்துக்கு 72 தட்டு. பல் உள்ளதும் இல்லாததும் மாறி மாறி வரும். ஷெர்மனுக்குப் பக்கத்துக்கு 79 தட்டு. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு முனை இணைப்பான் என்றால் பக்கத்துக்கு 158. இரண்டு பக்கமும் சேர்த்தால் தட்டு 158, இணைப்பான் 316, ஆக 474 துண்டு. ரப்பர் பட்டை தனியாக வந்தால் இன்னும் ஏறும். ஒவ்வொன்றிலும் ஸ்ப்ரூ (உதிரிகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) காம்பு வெட்டிய தழும்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒப்பிட டைகரையும் பாருங்கள்: பக்கத்துக்கு 96 தட்டு. தொடக்ககால டைகரில் பக்கத்துக்கு 24 சக்கரம், எல்லாவற்றுக்கும் ரப்பர் விளிம்பு வரைய வேண்டும். 48-வது விளிம்புக்கு வரும்போது டைகர் மேல் இருந்த காதல் போயிருக்கும்.

டி-34-க்கு இன்னொரு வசதி, போர்க்காலத் தயாரிப்பில் வார்ப்பும் வெல்டிங்கும் உண்மையிலேயே கரடுமுரடு. உங்கள் சின்னச் சின்னப் பிசகு உறுத்தாது. 76 மி.மீ. பீரங்கி வைத்தது 42 செ.மீ., 85 வைத்தது 51 செ.மீ. இடம் குறைவென்றால் 76.

அசையும் ட்ராக் எனக்கு எப்போதும் பசையில் இறுகிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

தண்ணீர் மாதிரி ஓடும் பசையைப் பயன்படுத்துகிறீர்கள். அது ஊசித் துளைக்குள் உறிஞ்சப்பட்டு உள்ளே போய்விடும். ட்ராக்குக்குக் கெட்டிப் பசை; பல்குத்தி நுனியில் கடுகளவு எடுத்து, ஊசியின் மூடியில் வெளி விளிம்பில் மட்டும் வைக்க வேண்டும்.

முதலில் நாலு தட்டு மட்டும் கோத்து வளைத்துப் பாருங்கள். சரியாக வந்தால் பன்னிரண்டு பன்னிரண்டாகச் செய்யுங்கள். பசை வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொரு மூட்டையும் ஒருமுறை அசைத்துவிடுங்கள். பிறகு ஒரு நாள் தொடாதீர்கள்.

டி-34-ல் முன்னால் இருப்பது இழுவிசைச் சக்கரம், பின்னால்தான் ஓட்டும் பல்சக்கரம். முன்சக்கரத்தின் கையை ட்ராக் போடும் வரை ஒட்டாதீர்கள். அதைச் சுழற்றித் தொய்வைச் சரிசெய்த பிறகே பசை. மேல் பகுதி ட்ராக் சக்கரங்கள் மேல் படுத்திருக்க வேண்டும். நடுவில் காற்றில் மிதந்தால் பார்த்த உடனே பொம்மை என்று தெரியும்.

வாஷ் (பள்ளங்களில் நிழல் விழ ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) அடித்த மறுநாள் சக்கரத்தின் அச்சு தானாக உடைந்து கிடந்தது. கிட் குறையா?

கிட்டைக் குறை சொல்லாதீர்கள். இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால் வெடிப்பு விடும். ஸ்க்ரூ முடுக்கிய இடம், இறுக்கிச் செருகிய அச்சு, மெட்டல் ட்ராக் இழுக்கும் முன்சக்கரம் மூன்றும் ஆபத்தான இடங்கள். 1/16-ல் எடை கூடுதல் என்பதால் சீக்கிரம் உடையும். சக்கரங்களைக் கழற்றித் தனியாக வாஷ் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அச்சுப் பகுதிக்கு வாஷைப் பிரஷ்ஷால் ஊற்றாமல் தொட்டு வைத்தால் போதும். அங்கே ப்ரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) படாத வெற்று பிளாஸ்டிக் இருக்கக் கூடாது.

பெயிண்ட் எவ்வளவு வாங்கணும்? ஏர்பிரஷ் இல்லாமல் ஸ்ப்ரே கேனில் முடியுமா?

அடிப்படை நிறத்துக்குக் கேன் தாராளமாகப் போதும். பெரிய தட்டைப் பரப்பில், காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைவிடச் சீராகவே விழும். டமியா டிஎஸ் கேன் 100 மி.லி. டி-34 அளவுக்கு இரண்டு வாங்கி வையுங்கள். விளிம்பு மங்கிய ஜெர்மன் கேமோவுக்கு (மறைப்பு நிறத் திட்டுகள்) மட்டும் ஏர்பிரஷ் வேண்டும்.

ஏர்பிரஷ் என்றால் 10 மி.லி. குப்பியை மறந்துவிட்டு 23 மி.லி. குப்பியில் இரண்டு. டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர் சம அளவு, காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. 0.3 மி.மீ. நாசிலில் (பெயிண்ட் வரும் முனை) நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும், 0.5 மாட்டுங்கள். மழைக்காலத்தில் கேன் அடிக்காதீர்கள், ஈரம் பட்டு வெள்ளை பூக்கும்.

ஹெங் லாங் ரிமோட் டாங்கி விலை குறைவு. அதையே வாங்கி ஷோகேஸ் மாடலாக மாற்றினால்?

மாற்றலாம், ஆனால் விலை குறைவு என்ற கணக்கு கடைசியில் நிற்காது. தெரியும் ஸ்க்ரூ தலைகள், அடியில் சுவிட்ச் ஓட்டை, தடித்த விளிம்பு எல்லாவற்றையும் மூட வேண்டும். பிறகு கருவிகள், கம்பிவடம், கொக்கி தனியாக வாங்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அண்ணா, 1/25 நடுவில் இருக்கே, அது?

டமியா 1960-களில் போட்ட டைகர், பாந்தர் வரிசை அது. பழைய கிட் மேல் ஆசை இருந்தால் சந்தோஷமாகச் செய்யலாம். ஆனால் அதற்கேற்ற ஆள் பொம்மையும் உதிரியும் தேடி அலைய வேண்டும். 1/16-ல் அந்தக் கவலை குறைவு, 120 மி.மீ. என்று விற்கும் பொம்மைகள் பொருந்தும்.

உட்புறத்தோடு வரும் கிட் நல்லதா?

ட்ரம்பெட்டரின் 1/16 டி-34-ல் உட்புறமும் எஞ்சினும் உண்டு. வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். திறந்த மூடி வழியாகக் கண்ணுக்குத் தெரிவது எது என்று டார்ச் அடித்துப் பார்த்து, அதை மட்டும் பெயிண்ட் செய்யுங்கள். எஞ்சின் பிடித்திருந்தால் பின்பக்க மேல்தகட்டை ஒட்டாமல், 5×2 மி.மீ. காந்தம் நாலு வைத்துக் கழற்றிப் போடும்படி விடுங்கள். வெள்ளை உட்புறத்தை முதலில் முடித்து, துவாரங்களை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்த பிறகுதான் வெளி நிறம். வரிசை மாறினால் உள்ளே பச்சைத் தூசி படியும்.

ஆவடியில் கட்டிய டி-72 செய்ய ஆசை. பெரிய ஸ்கேலில் செய்யலாமா?

அஜேயா என்பது உரிமம் பெற்று அங்கே கட்டிய டி-72எம்1. டமியாவின் 1/35 டி-72எம்1 அதற்கு நல்ல அடிப்படை. முதல் முயற்சி அதிலேயே இருக்கட்டும். 1/16-ல் குழலோடு 60 செ.மீ. வரும்.

பெட்டி வந்ததும் முதலில் என்ன பார்க்கணும்?

பைகளைப் பிரிக்காமல் ஸ்ப்ரூ எழுத்துகளைக் குறிப்புத்தாளோடு ஒப்பிடுங்கள். பிரித்தபின் குறை சொன்னால் கடைக்காரர் ஒத்துக்கொள்வது கஷ்டம். அடுத்து கீழ்க்கூட்டை ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து நாலு மூலையையும் அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. கை பொறுக்காத சுடுநீரில், கொதிநீரில் அல்ல, ஒரு நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடி பச்சைத் தண்ணீரில் ஆற விடுங்கள். பிறகு சக்கரத்தின் பின்புறமும் குழலின் அடிப்பாகமும்: தடித்த இடங்களில் பிளாஸ்டிக் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும். ட்யூப் புட்டி காயும்போது சுருங்கும் என்பதால் ஆழமான குழிக்குச் சூப்பர் க்ளூவே சரி. அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியிருப்பது தேயும், அது மட்டும் மேடாக நிற்கும்.