பிளாக் செய்தும் தீராத மெசேஜ் தொல்லை

கேள்வி: போனைத் திறந்தாலே லோன், பிளாட், ரம்மி! ஒன்றை பிளாக் செய்தால் மறுநாள் வேறு பெயரில் வருகிறது. நேற்று, ‘இன்றிரவு 9.30க்கு உங்கள் கரண்ட் கட், உடனே இந்த நம்பரைக் கூப்பிடவும்’ என்று வேறு. என்னதான் செய்வது?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: ஒவ்வொன்றாக பிளாக் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். 1909க்கு, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 0 போட்டு அனுப்புங்கள், விளம்பரங்களுக்கு மொத்தமாகத் தடை. ஓ.டி.பி.யும் பேங்க் மெசேஜும் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள், அவை பாட்டுக்கு வரும். அப்புறமும் தொல்லை தந்தால் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) டி.என்.டி. (தொந்தரவு செய்யாதே) ஆப்பில் 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம்.

அந்தக் கரண்ட் மெசேஜ் சுத்த டூப். அனுப்பியவர் பெயரைக் கவனியுங்கள்: முறையாகப் பதிவு செய்தவர்கள் அனுப்பினால் கடைசியில் ஒரு கோடும் எழுத்தும் இருக்கும், ஆங்கில ‘பி’ (P) என்றால் விளம்பரம், ‘எஸ்’ (S) சேவை, ‘டி’ (T) பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ (G) அரசு. உங்களுக்கு வந்தது சாதாரண 10 இலக்க மொபைல் நம்பராக இருக்கும், பாருங்கள். கூப்பிட்டால் ஏதாவது ஆப்பை இறக்கச் சொல்லி அக்கவுன்ட்டைத் துடைத்துவிடுவார்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் அதைப் புகார் செய்யுங்கள். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

இமெயிலா? தெரிந்த கடை என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ போதும். முன்பின் தெரியாதவர் என்றால் அதைத் தொடவே வேண்டாம், தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே சொன்னதாகிவிடும். ஸ்பேம் என்று தள்ளிவிடுங்கள்.