கோலெமுக்கு வாய் வரையலாமா?

கேள்வி: குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். செக் நாட்டுப் பிராக் நகரத்து யூதர்களிடம் வழங்கும் கோலெம் என்ற மண் மனிதனின் கதையை 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் 32 பக்கப் படப்புத்தகமாகச் செய்ய ஆசை. முதல் படங்களைப் பார்த்ததும் என் மகன் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பயமுறுத்தாமல் எப்படி வரைவது? நெற்றியில் எழுதும் எபிரேய எழுத்துகளை என்ன செய்வது? யூதர் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. தப்பாக எதையாவது வரைந்துவிடுவேனோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோடு நன்றாக வந்திருக்கிறது. உங்கள் மகனைப் பயமுறுத்தியது கோலெமின் உயரம் இல்லை, அதன் வாய். பல் தெரியக் கத்துகிற வாய் வைத்திருக்கிறீர்கள். கோலெமால் பேச முடியாது. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிராக்கில் வாழ்ந்து 1609இல் இறந்த ரபி (யூத மதகுரு) யூதா லோவ் உண்மையான மனிதர், பெரிய அறிஞர். அவர் வல்டாவா ஆற்றங்கரைக் களிமண்ணில் ஓர் ஆளைப் பிசைந்து, நெற்றியில் 'எமெத்' என்று எழுதி உயிர் கொடுத்தார்; அது அவருக்கு வேலை செய்தது, தம் மக்களைக் காத்தது, ஒருநாள் கட்டுமீறியது, அவரே அதைத் திரும்ப மண்ணாக்கினார் என்பது கதை. இந்தக் கதையை அவர் பெயரோடு சேர்த்து அச்சிட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் மண் மனிதன் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. யூதர்களின் பழைய சமய நூலான தால்முத்தில் ஒரு குட்டிக் கதை வருகிறது. ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனை உண்டாக்கி ரபி ஸேராவிடம் அனுப்புகிறார். ஸேரா பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார். பதில் இல்லை. 'மண்ணுக்கே திரும்பிப் போ' என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

'கோலெம்' என்ற சொல் வேதாகமத்தில் ஒரே ஓர் இடத்தில், 139ஆம் சங்கீதத்தில் வருகிறது. தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள்: 'என் கருவை உம்முடைய கண்கள் கண்டது.' கரு! இன்னும் உருவாகி முடியாதது. இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வரைந்தால் போதும், அரக்கன் தானாகவே போய்விடுவான். ஒரு பிடி களிமண்ணை எடுத்துக் கட்டைவிரலால் இரண்டு குழி அழுத்துங்கள். அதுதான் கண். உள்ளே ஒளி, சிவப்பு எதுவும் வேண்டாம். வாய் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடுங்கள். தோளிலும் மார்பிலும் பிசைந்தவரின் விரல்தடம் தெரியட்டும். யாரோ அக்கறையோடு செய்தது என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அது எவ்வளவு பெரிதாக நின்றாலும் பயம் குறைந்துவிடும். நிறத்திலும் ஒரு எச்சரிக்கை. மண் என்றதும் நம் கை தானாகப் பூந்தொட்டி நிறத்துக்குப் போகும். அது சூளையில் சுட்ட மண். கோலெம் சுடாத ஆற்று மண். சாம்பல் கலந்த பழுப்பு, ஈரத்தில் கறுத்தும் காய்ந்த இடத்தில் வெளிறியும் இருக்கும். கடைசிப் பக்கங்களுக்கு உங்களுக்கு வெடிப்புகளும் தேவைப்படும்.

எழுத்துக்கு வருவோம். எபிரேயத்தில் 'எமெத்' என்றால் உண்மை. முதல் எழுத்தை அழித்தால் 'மெத்', இறந்துவிட்டது. தமிழில் எழுதிப் பாருங்கள்: எமெத். 'எ'வை விரலால் மூடுங்கள். மெத். எபிரேயத்தில் நடப்பது தமிழிலும் அப்படியே நடக்கிறது! எல்லா மொழிக்கும் இந்த வாய்ப்பு அமையாது. நான் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இந்தச் சொல்லைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு சிறுமி 'எ'வின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அந்தப் பத்து விநாடி வகுப்பில் சத்தமே இல்லை. உங்கள் புத்தகத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள், பிள்ளையின் விரல் அளவுக்குப் பெரிய எழுத்தில். பக்கத்தைப் புரட்டினால் 'எ' இருந்த இடம் காலியாக இருக்கட்டும்.

நெற்றியில் எபிரேய எழுத்தே இருக்கட்டும். மூன்றுதான்: ஆலெஃப், மேம், தவ். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போவதால், அழிக்க வேண்டிய ஆலெஃப் நமக்கு வலப்பக்கம் இருக்கும். உங்கள் மூன்றாவது படத்தில் ரபியின் விரல் இடப்பக்க எழுத்தைத் துடைக்கிறது. எபிரேயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தவ் எழுத்தின் இடது காலடியில் ஒரு சின்னப் பாதம் வெளியே நீளும். அதை விட்டுவிட்டால் ஹேத் என்ற வேறு எழுத்தாகிவிடும். எழுத்துகளைத் தனி லேயரில் வையுங்கள். பக்க வடிவமைப்புக்காக யாராவது படத்தை இடம்வலம் திருப்பினால் சொல்லும் சேர்ந்து திரும்பிவிடும்.

இன்னொரு வடிவத்தில் நெற்றி எழுத்துக்குப் பதில், கடவுளின் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைக் கோலெமின் வாயில் வைப்பார்கள். ஒவ்வொரு வெள்ளி மாலையும், யூதர்கள் எந்த வேலையும் செய்யாத வார ஓய்வுநாள் தொடங்கும் முன் அதை எடுத்துவிடுவார் ரபி. ஒரு வெள்ளி மறந்துபோகிறார். இரண்டையும் ஒரே புத்தகத்தில் போடாதீர்கள், பிள்ளை குழம்பும். சீட்டு வடிவத்தை எடுத்தால் மடித்த சீட்டாக வரையுங்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். சேர்த்து வைத்துப் புதைப்பார்கள். கிழியப்போகிற ஒரு படப்புத்தகத்தில் அந்தப் பெயரை நாம் எழுத வேண்டாம். உங்களுக்கு என் யோசனை எமெத்தான். அந்த வெள்ளிக்கிழமையையும் இழக்க வேண்டியதில்லை. ரபி மறந்தது ஓய்வுநாளுக்கான கட்டளையைக் கோலெமுக்குக் கொடுப்பதைத்தான் என்று சொல்லும் வடிவமும் இருக்கிறது. அந்தக் காட்சியில் வானத்தைக் கவனியுங்கள். யூதர்களின் ஜெப ஆலயத்தில் 92ஆம் சங்கீதம் பாடுகிறார்கள், வெளியே கோலெம் ஓடுகிறது, ரபி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வருகிறார். திரும்பி வந்து மறுபடி பாடுகிறார்கள். பிராக்கின் பழம்புது ஜெப ஆலயத்தில் அந்தச் சங்கீதத்தை இரண்டு முறை சொல்லும் வழக்கத்துக்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். ஆக, அது அந்தி நேரம். நட்சத்திரம் நிறைந்த இரவாக வரைந்தால் ஓய்வுநாள் ஏற்கெனவே தொடங்கியிருக்கும், ரபியின் அவசரத்துக்குப் பொருளே இருக்காது.

சிரிக்கவும் ஒரு பக்கம் வேண்டும். ரபியின் மனைவி பெர்ல், கோலெமைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்; எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. வீடு முழுக்க வெள்ளம். ஜாடிகளை எண்ணிக்கொண்டே பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருப்பார்கள்.

பிராக்கை வரையும்போது சுற்றுலாப் படங்களை நம்பாதீர்கள். சார்லஸ் பாலம் அப்போதே இருந்தது. அதன்மேல் இன்று வரிசையாக நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை 1683க்குப் பிறகு வந்தவை. யூத நகர மண்டபத்தில் முள் எதிர்த்திசையில் சுற்றும் எபிரேயக் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அகலமான தெருக்கள் 1893க்குப் பின் பழைய வீடுகளை இடித்துப் போட்டவை. உங்களுக்கு வேண்டியது கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற சந்துகள். பழம்புது ஜெப ஆலயத்தைத் தாராளமாக வரையலாம், அது 1270 வாக்கில் எழுந்தது. உடை: ரோமத் தொப்பியும் நீளக் கறுப்புக் கோட்டும் வேண்டாம். அவை பிற்காலத்துக் கிழக்கு ஐரோப்பிய ஹசிதிய யூதர்களின் அடையாளம், அந்த இயக்கமே 18ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. யூதர்கள் பாஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் நூல் 1526இல் பிராக்கிலேயே அச்சானது; அதில் மரச்செதுக்குப் படங்கள் நிறைய உண்டு. உடையின் மடிப்பு, தொப்பியின் வடிவம் இவற்றையெல்லாம் அதில் பார்த்துப் பழகுங்கள்.

இப்போது உங்கள் தயக்கம். அது நியாயமானது, விட்டுவிடாதீர்கள். 1938இல் ஜெர்மனியில் நாஜிகள் குழந்தைகளுக்கென்றே ஒரு படப்புத்தகம் போட்டார்கள். அதில் ஒரு வகுப்பறையில், யூதரின் மூக்கு நுனியில் வளைந்து 6 என்ற எண்ணைப் போல இருக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும். நாம் செய்கிற இதே தொழிலை வைத்துச் செய்த கொடுமை அது. அதனால் ரபிக்கும் அண்டைவீட்டாருக்கும் வளைந்த மூக்கு, கூன், பணப்பை வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி முகம் கொடுங்கள்: ரொட்டி சுடுபவர், தூக்கம் வழியும் பையன், பல் விழுந்த பாட்டி.

கோலெமை ஏன் செய்தார் என்ற கேள்வி வரும். 1909இல் யூதெல் ரோசன்பெர்க் வெளியிட்ட பிரபலமான வடிவத்தில், யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழியை முறியடிக்கவே கோலெம் பிறக்கிறது. அது பல நூற்றாண்டுகளாக உயிர்களைப் பலிவாங்கிய பச்சைப் பொய். 7 வயதுக்கு 'அவர்கள்மேல் ஒரு பொய்யைச் சுமத்தினார்கள்' என்ற வரி போதும். பொய்யின் உள்ளடக்கத்தை எந்தப் பக்கத்திலும் வரையாதீர்கள். படம் மனதில் நிற்கும், மறுப்பு நிற்காது. பெற்றோருக்கான பின்குறிப்பில் முழுதாகச் சொல்லுங்கள்.

உரிமை பற்றிக் கவலை வேண்டாம். கதை பொதுச் சொத்து. ரோசன்பெர்க் 1935இல் இறந்துவிட்டார், இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு தாண்டிவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இன்றைய ஓவியர்களின் படங்களும் வேறு கணக்கு, அவற்றிலிருந்து எடுக்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன் எபிரேயம் அறிந்த யூத வாசகர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வரைவில் கோலெம் முதல் பக்கத்திலிருந்தே 'அவன்'. தமிழ் நம்மை விடாது, அதுவா அவனா என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் கேட்கும். அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் அது கிடந்தது. எழுத்து எழுதியதும் எழுந்தது. பெரியவர்கள் எல்லோரும் 'அது' என்றே சொல்லட்டும். தண்ணீர் கொட்டிய வீட்டில் ஒரு குழந்தை மட்டும் முதல்முறையாக 'அவன் நனைஞ்சுட்டான்' என்று சொல்லட்டும். கடைசியில், ஜெப ஆலயத்தின் பரண்மேல் மண்ணாகக் கிடக்கிற இடத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் எழுதி, உங்கள் மகனிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.